தையல் கேள்வி–பதில்: துணி டயாபர் எங்கே கசிகிறது?

தண்ணீர் புகாத பி.யு.எல். துணியில் ஐந்து டயாபர் தைத்தேன். குழந்தைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று உள்பக்கம் பனியன் துணி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் தொடை ஓரம் ஈரமாகிவிடுகிறது. கடைக்காரர் மட்டமான துணியைக் கொடுத்துவிட்டாரா?
– வாசகி, ஈரோடு

துணி நல்லதா என்று பார்க்க, மீந்த துண்டு ஒன்றை டம்ளரின் வாயில் குழிவாக வைத்து ரப்பர் பேண்டு போடுங்கள். பளபளப்பான பக்கம் மேலே இருக்கட்டும். அதில் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். அடியில் ஈரம் தட்டாவிட்டால் துணி மேல் குற்றமில்லை.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் குற்றவாளி பனியன் துணிதான். பி.யு.எல். என்பது பாலியஸ்டர் பின்னல் துணியின் ஒரு பக்கத்தில் பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. அதை ஊடுருவித் தண்ணீர் வராது, சுற்றிக்கொண்டு வரும். உள்ளே இருக்கும் பருத்தி, திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈரத்தைத் தொடை ஓரம் வரை இழுத்து வந்து, அங்கே உரசுகிற சட்டைக்குக் கொடுத்துவிடுகிறது. உள்துணியைப் பிரித்தெடுத்து, மைக்ரோ ஃபிளீஸ் என்ற மெல்லிய, மெத்தென்ற பாலியஸ்டர் துணியை வைத்துத் தையுங்கள். அது ஈரத்தைத் தேக்காமல் கீழே விட்டுவிடும், ஓரத்துக்கும் இழுக்காது. பிரித்த பனியன் துணியை, டயாபருக்குள் நுழைக்கும் உறிஞ்சும் பட்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிரிக்கும்போது நூலையும் பாருங்கள். பருத்தி நூலும் இதே வேலையைச் செய்யும். பாலியஸ்டர் நூல்தான் போட வேண்டும்.

என்னிடம் இருப்பது கால் மிஷின். நேர்த்தையல் மட்டும்தான் விழும், ஜிக்ஜாக் கிடையாது. பி.யு.எல். துணி, மிஷினில் துணியை அழுத்தும் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது; தையலும் விட்டு விட்டு விழுகிறது. எலாஸ்டிக்கை எப்படி வைப்பது?
– வாசகி, விருதுநகர்

நேர்த்தையல் போதும். இந்த வேலைக்கு அதுதான் நல்லதும்கூட; ஜிக்ஜாக் போட்டால் ஊசித் துளைகள் கூடும்.

தையல் விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஊசிதான் காரணம். ரவிக்கை தைக்கும் 16 நம்பர் ஊசியைக் கழற்றிவிட்டு, பனியன் துணிக்கென்று விற்கும் உருண்டை முனை ஊசியில் 11 நம்பர் போடுங்கள். தையல் நீளம் 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் துளைகள் வரிசையாக விழுந்து, தபால்தலை கிழிவதுபோலப் படலம் அந்தக் கோட்டிலேயே கிழியும். குண்டூசி வேண்டாம், துணி கிளிப் போடுங்கள். குண்டூசிதான் இருக்கிறதென்றால் தையலுக்கு விட்ட ஓரத்துக்குள் மட்டும் குத்துங்கள். ஒட்டுவது எப்போதும் பளபளப்புப் பக்கம்தான். அதைக் கீழே, துணியை நகர்த்தும் பற்களின் பக்கம் வைத்து, ஃபிளீஸ் மேலே வரும்படி ஓட்டினால் பாதம் வழுக்கிப் போகும். மேலே வந்தே தீர வேண்டிய இடத்தில் மெல்லிய டிரேசிங் பேப்பரை வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுங்கள்.

இனி அளவு. 5 முதல் 9 கிலோ வரையுள்ள குழந்தைக்கு, முன்னிடுப்பிலிருந்து பின்னிடுப்பு வரை நீளம் 16 அங்குலம், பின்பக்க அகலம் 15, முன்பக்கம் 13, கவட்டில் 7½. இதற்கு மேல் சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விடுங்கள். 58 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) ஒரு மீட்டர் வாங்கினால் ஆறு வெட்டலாம். துணி அதிகம் இழுபடும் பக்கம் இடுப்பின் குறுக்கே வர வேண்டும்.

பி.யு.எல்.லின் துணிப் பக்கமும் ஃபிளீஸின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்க வைத்து, அரை அங்குலம் உள்ளே தள்ளிச் சுற்றித் தையுங்கள். பின்னிடுப்பில் பட்டை நுழைக்க 5 அங்குல வாய் விடுங்கள். இரண்டு துணியும் நூல் பிரியாதவை, ஓவர்லாக் வேண்டாம். இப்போது தொடை வளைவில் மட்டும், வெட்டிய விளிம்பை ஒட்டி இன்னொரு தையல் போடுங்கள். இரண்டு தையலுக்கும் நடுவே ஒரு குழாய் கிடைக்கும். கால் அங்குல எலாஸ்டிக்கில் ஊக்கைக் குத்தி அதில் கோத்து, இரு முனைகளிலும் முன்னும் பின்னுமாக நாலைந்து முறை தைத்து நிறுத்துங்கள். 10 அங்குல வளைவுக்கு 6 அங்குல எலாஸ்டிக் சரி. 5 வைத்தால் தொடையில் சிவந்து தடம் விழும். 7 வைத்தால் இடைவெளி விட்டு ஒழுகும். பிறகு வாய் வழியே திருப்புங்கள்.

திருப்பியதும் அழகுக்கென்று தொடை ஓரத்தில் மேல்தையல் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. ஈரமாகிற இடத்தை ஒட்டி ஒரு வரிசை துளை போட்டுக்கொள்வதுதான் அது. வேண்டவே வேண்டாம்.

பிளாஸ்டிக் டிச்சு பட்டன் வைத்தால், பின்னால் ஒரு துண்டு பி.யு.எல். ஒட்டு வைத்து அழுத்துங்கள். வெறும் துணியில் வைத்த பட்டன், கழற்றும்போது துணியோடு பிய்ந்து வரும். பட்டன் அடிப்பதெல்லாம் திருப்புவதற்கு முன்.

ரெக்சின் அல்லது மழைக்கோட்டுத் துணியில் தைத்தால் செலவு குறையுமே?
– வாசகர், தஞ்சாவூர்

குறையும். ஆனால் ரெக்சின் விறைப்பானது, இழுபடாது; துவைக்கத் துவைக்க மடிப்பில் வெடிக்கும். ஆவியும் வெளியேறாது, குழந்தைக்கு வேர்க்குரு வந்துவிடும். மழைக்கோட்டுத் துணியின் பூச்சு அன்றாடத் துவைப்புக்கானது அல்ல. வெளியே போகும்போது ஈரத்துணி போட்டு வைக்க ஒரு பை தைக்கலாம், அதற்கு இரண்டுமே நல்லவை.

குழந்தைத் துணியைக் கொதிக்க வைத்து அலசினால்தான் சுத்தம் என்கிறார் அத்தை. வைக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

உறிஞ்சும் பட்டை முழுப் பருத்தியாக இருந்தால் அதை மட்டும் வைக்கலாம். பி.யு.எல். உறையைக் கொதிநீரில் போட்டால் படலம் கொப்புளம் கொப்புளமாகப் பிரியும். பிரிந்ததை ஒட்ட வழியில்லை. 60 டிகிரிக்கு மேல் சூடு காட்டாதீர்கள். இஸ்திரியும் கூடாது.

பழைய வேட்டியில் பட்டை தைத்தேன். சிறுநீர் உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டு ஓடுகிறது.
– வாசகி, நாகர்கோவில்

இரண்டு காரணம் இருக்கலாம். வேட்டி பாலியஸ்டர் கலந்ததாக இருக்கலாம். எண்ணெய் படாத, மீந்த வேட்டித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பருத்தி உடனே குடித்துவிடும். பருத்திதான் என்றால் எண்ணெய் ஏறியிருக்கும். குழந்தைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய், டயாபர் கிரீம், துணியை மிருதுவாக்கும் திரவம் மூன்றும் நூலில் படிந்து நீரைத் தள்ளும். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, நுரை வருவது நிற்கும்வரை அலசுங்கள். கிரீம் பூசும் நாளில் மேலே ஒரு மெல்லிய துணி விரிப்பது நல்லது.

புது டவல் துணியில் தைப்பவர்களும் முதலில் நான்கைந்து முறை துவைத்துவிட வேண்டும். பருத்தியின் இயற்கை மெழுகு போனபிறகுதான் முழுதாக உறிஞ்சும்.

பட்டையை எட்டு மடிப்பாக மடித்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துவிடாதீர்கள். கார்த்திகை மழையில் அது இரண்டு நாளானாலும் காயாது, நாற்றமும் பிடிக்கும். 15க்கு 13 அங்குலத்தில் மூன்று அடுக்காகத் தைத்து, போடும்போது மூன்றாக மடியுங்கள்: 5 அங்குல அகலத்தில் ஒன்பது அடுக்கு. காயப்போடும்போது விரித்துவிடலாம்.