கார்ட்டில் போட்டுவிட்டு வாங்காமல் போகிறார்களே, ஏன்?

விளம்பரத்தைப் பார்த்து உங்கள் இணையக் கடைக்கு வருகிறவர்கள் புடவையைக் கார்ட்டில், அதாவது வாங்க எடுத்துவைக்கும் கூடையில், போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இது உங்கள் கடைக்கு மட்டும் நடப்பதில்லை. இணையக் கடைகளை ஆராயும் பேமார்ட் நிறுவனத்தின் கணக்குப்படி, சுமார் 70 சதவீதம் கார்ட்டுகள் அப்படியே கைவிடப்படுகின்றன. அதில் பலர் சும்மா பார்க்க வந்தவர்கள். ஜவுளிக்கடையில் ஐம்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு 'அப்புறம் வர்றோம்' என்று கிளம்புகிறவர்கள் மாதிரி. அவர்களை விட்டுவிடுங்கள்.

வாங்க நினைத்தும் போனவர்கள்தான் முக்கியம். அவர்கள் அதிகம் சொல்லும் காரணம், கடைசிப் பக்கத்தில் முளைக்கும் கூடுதல் கட்டணம். 799 ரூபாய்க்கு மனதைத் தயார் செய்தவருக்கு டெலிவரி சேர்த்து 889 என்றால் அந்த 90 ரூபாய் உறுத்தும். முதலிலேயே 889, டெலிவரி இலவசம் என்று போட்டுப் பாருங்கள். அதே ஆள் வாங்கக்கூடும்.

அடுத்தது நம்பிக்கை. பணம் கட்டினால் பொருள் ஒழுங்காக வருமா என்ற தயக்கம். ஃபிளிப்கார்ட் 2010-இல் கொண்டுவந்த, பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறை இந்தத் தயக்கத்தை நன்றாகவே குறைத்தது. ஆனால் வாசலில் வந்தபின் வேண்டாம் என்பவர்களும் உண்டு, போகவரக் கூரியர் செலவு உங்கள் தலையில்தான்.

சரி, எங்கே தொடங்குவது? தளத்துக்கு வருகிறவர்கள் எங்கெல்லாம் போகிறார்கள் என்று காட்டும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸில், எந்தப் பக்கத்தில் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள் என்று பாருங்கள். அது கட்டணம் தெரியும் பக்கம் என்றால், விளம்பரத்தை மாற்றிப் பயனில்லை.