பல் மருத்துவச் சிறப்புப் படிப்போடு பிஎச்டியும் சேர்த்துப் படிக்க முடியுமா?

முடியும். சில பல்கலைக்கழகங்களில் இரண்டையும் இணைத்த பாடத்திட்டமே உண்டு. சிறப்புப் பயிற்சிக்கு மட்டும் சுமார் 3 ஆண்டு என்றால், இதற்கு அதைப்போல இரு மடங்கு ஆகலாம்.

காலத்தைவிட வரிசைதான் பெரிய தலைவலி. முதலில் சிகிச்சைப் பயிற்சியை முடித்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனால் கைப்பழக்கம் விட்டுப்போகும். வாரத்தில் ஒரு நாளாவது நோயாளிகளைப் பார்த்தாக வேண்டும். ஆய்வை முதலில் முடித்தால், அப்புறம் கிளினிக் வேலையில் கட்டுரைகள் எழுதப்படாமலே கிடக்கும். சரி, மாற்றி மாற்றிச் செய்யலாமே என்றால், அது எல்லாத் துறைக்கும் ஒத்துவராது. கிளிப் போட்டுப் பல்லைச் சீரமைக்கும் சிகிச்சை ஒருவருக்கே பெரும்பாலும் 18 முதல் 24 மாதம் நீளும். நடுவில் ஆய்வகத்துக்கு ஓடினால் அவரை யார் கையில் ஒப்படைப்பது? வாய்த் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயைக் கண்டறியும் வாய் நோய்க்குறியியலில் இந்தத் தொல்லை குறைவு. கண்ணாடித் தகட்டில் இருக்கும் திசு அவசரப்படாது!

ஆய்வுத் தலைப்பை கிளினிக்கில் பார்ப்பதிலிருந்தே எடுங்கள். ஈறு நோய்ப் பிரிவில் இருப்பவர், அழற்சியால் தாடை எலும்பு எப்படிக் கரைகிறது என்று ஆராயலாம். சொந்த கிளினிக்தான் இலக்கு என்றால் பிஎச்டி தேவையில்லை என்பேன். சேரும் முன், ஆய்வு ஆண்டுகளுக்கு உதவித்தொகை உண்டா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.