யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு குழந்தை சொன்னா என்ன பண்றது?

வந்த கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். ஒரு சின்ன தொண்டு அமைப்பு நடத்தறவங்க எழுதியிருக்காங்க. சாயங்காலம் பிள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக் குடுக்குறாங்க, தனியா இருக்குற வயசானவங்க வீட்டுக்கு வாரம் ஒரு தடவை போய் பாத்துட்டு வர்றாங்க, எல்லாருமே தன்னார்வலர்கள். அங்க படிக்கிற 12 வயசுப் பொண்ணு, பாடம் எடுக்குற ஒரு அக்காகிட்ட "யார்கிட்டயும் சொல்லக்கூடாது"ன்னு சத்தியம் வாங்கிட்டு, மூத்த தன்னார்வலர் ஒருத்தர் ராத்திரில மெசேஜ் பண்றார், போட்டோ அனுப்பச் சொல்றார்னு சொல்லியிருக்கு. அந்த அக்கா மூணு நாள் தூக்கமில்லாம இருந்துட்டு இப்பதான் இவங்ககிட்ட சொல்லியிருக்காங்க. "அவரை கூப்பிட்டு பேசிப் பாக்கலாமா, இல்ல பொண்ணை கூப்பிட்டு இன்னொரு தடவை விசாரிக்கலாமா? நிதி குடுக்குறவங்க வேற பாதுகாப்பு பாலிசி, அதாவது பிள்ளைங்களையும் வயசானவங்களையும் பாதுகாக்க எழுதி வைக்கிற விதிமுறை, கேக்கறாங்க, நெட்ல இருந்து ஒண்ணு எடுத்து பேரை மாத்தி வச்சிருக்கோம், போதுமா?"ன்னு கேக்கறாங்க.

ரெண்டுமே வேண்டாம்ங்க. அவரை கூப்பிட்டு பேசவும் வேண்டாம், பொண்ணை திரும்ப விசாரிக்கவும் வேண்டாம். இன்னிக்கே போலீஸ்கிட்டயோ உங்க ஊர்ல குழந்தைகள் பாதுகாப்புக்குன்னு இருக்குற அரசு அமைப்புகிட்டயோ சொல்லுங்க, நாளைக்கு கமிட்டி கூடி முடிவு பண்ணலாம்னு தள்ளிப் போடாதீங்க. சில நாடுகள்ல தெரிஞ்சும் சொல்லாம இருந்தாலே அது தனிக் குற்றம். நீங்க அவரை கூப்பிட்டு "இப்படி ஒரு பேச்சு வந்திருக்கு"ன்னு ஆரம்பிச்சா அவர் முதல்ல பண்ற வேலை மெசேஜை அழிக்கிறது, ரெண்டாவது வேலை அந்தப் பொண்ணை பயமுறுத்துறது, அதனால அவர்கிட்ட என்ன சொல்லணும் எப்ப சொல்லணும்ங்கறதை கூட புகாரை வாங்கினவங்ககிட்ட கேட்டுட்டே பண்ணுங்க. அதுவரைக்கும் பிள்ளைங்க பக்கம் அவர் வராத மாதிரி வேலையை மாத்தி வைங்க. அவரை குற்றவாளின்னு சொல்றதுக்காக இல்ல, உண்மை தெரியற வரைக்கும் யாரையும் ஆபத்துல வைக்கக் கூடாதுங்கறதுக்காகத்தான், இதை அவர் பேர் கெடாம அமைதியா பண்ண முடியும். பெத்தவங்களுக்கு எப்படி சொல்றதுன்னும் புகாரை வாங்கினவங்ககிட்டயே கேளுங்க, இங்க சந்தேகம் வீட்டு ஆள் மேல இல்லாததால பெரும்பாலும் உடனே சொல்லத்தான் சொல்லுவாங்க.

இன்னொண்ணு, பொண்ணு போன்ல இருக்குற எதையும் அழிக்க விடாதீங்க. அதே சமயம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க நிர்வாகிகள் குரூப்ல போட்டுடாதீங்க. அதுல குழந்தையோட ஆபாசமான படம் ஏதாவது இருந்தா அதை வச்சிருக்கறதும் அனுப்பறதுமே நிறைய நாடுகள்ல குற்றம், நல்ல எண்ணத்துல பண்ணவங்களும் மாட்டிக்குவாங்க. போனை அப்படியே விசாரிக்கிறவங்ககிட்ட குடுத்துடறதுதான் சரி.

இப்ப அந்த சத்தியம். எனக்கு உங்க கேள்வியில ரொம்ப மனசைத் தொட்டது அந்த அக்காதான். அவங்க கெட்ட எண்ணத்துல மூணு நாள் மறைக்கல, குழந்தைக்கு குடுத்த வாக்கை காப்பாத்தணும்னு நெனச்சாங்க. ஆரம்ப காலத்துல நானும் இப்படி வாக்கு குடுத்துட்டு தவிச்சிருக்கேன். எந்த அமைப்பா இருந்தாலும் தன்னார்வலர் சேர்ந்த முதல் நாளே இதை சொல்லிக் குடுத்திருக்கணும்: ரகசியம்னு வாக்கு குடுக்காதே. அதுக்கு பதிலா "நீ சொல்றதை எல்லார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா உனக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணுச்சுன்னா உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லியே ஆகணும்"னு முன்னாடியே சொல்லிடணும். இப்படி சொன்னா குழந்தை வாயை மூடிக்கும்னு நிறைய பேர் பயப்படறாங்க. சிலது அன்னிக்கு சொல்லாது, உண்மைதான், ஆனா உங்ககிட்ட நேர்மை இருக்குன்னு தெரிஞ்சுகிட்டு பின்னாடி வந்து சொல்ற பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன். வாக்கை மீறி பின்னால வேற ஒருத்தர் மூலமா தெரிய வந்தா அந்தக் குழந்தை வாழ்நாளுக்கும் யார்கிட்டயும் எதையும் சொல்லாமலே போயிடலாம்.

உங்க விஷயத்துல வாக்கு ஏற்கனவே குடுத்தாச்சு. அதனால மத்தவங்க வந்து கேக்கறதுக்கு முன்னாடி அந்த அக்காவே பொண்ணுகிட்ட போய், "நான் அப்படி சத்தியம் பண்ணியிருக்கக் கூடாது, தப்பு என்மேலதான், நீ சொன்னது ரொம்ப சரி, உன்னை பாதுகாக்க இன்னார்கிட்ட சொல்லியிருக்கேன், அடுத்து அவங்க வந்து உன்கிட்ட பேசுவாங்க"ன்னு சொல்லட்டும். அவ்வளவுதான், அதுக்கு மேல கேள்வி வேண்டாம். "அவர் உன்னைத் தொட்டாரா, இங்கயா"ன்னு நாம வார்த்தையை எடுத்துக் குடுத்துட்டா பின்னால அந்தப் பொண்ணோட சாட்சியமே பலவீனமாயிடும். தானா ஏதாவது பேசினா "ம், சொல்லும்மா", "அப்புறம் என்ன நடந்துச்சு?" இந்த அளவுக்குத்தான் நம்ம வாய் திறக்கணும். முகத்துல அதிர்ச்சி காட்டாதீங்க, பெரியவங்க பதறினா நாம ஏதோ தப்பு பண்ணிட்டோம்னுதான் குழந்தை நெனைக்கும்.

பொண்ணு சொல்லி அந்த அக்கா காதால கேட்டதை இன்னிக்கே எழுதி வைக்கணும். தேதி, நேரம், எந்த இடம், கூட யார் இருந்தாங்க, பொண்ணு சொன்ன வார்த்தை அப்படியே, அது கொச்சையா இருந்தாலும் திருத்தாம. "பாவம் பயந்து போயிருந்தா"ன்னு எழுதாதீங்க, "கை நடுங்கிச்சு, கீழயே பாத்துகிட்டு பேசினா"ன்னு எழுதுங்க. எழுதி கையெழுத்து போட்டு பூட்டி வைக்கணும், தேவையானவங்க தவிர யார் கண்ணுலயும் படக்கூடாது.

அந்த மூத்த தன்னார்வலரைப் பத்தி "ஆரம்பத்துலேருந்து கூட இருக்கறவர்"னு எழுதியிருக்கீங்க. அவர் நல்லவரா கெட்டவரான்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் இப்போதைக்கு தெரியாது. ஆனா தப்பு பண்றவங்க தன்னை நம்பற மாதிரி குழந்தையை மட்டும் பழக்கப்படுத்துறதில்ல, சுத்தி இருக்குற பெரியவங்களையும் சேர்த்துத்தான் பழக்கப்படுத்துவாங்க, எல்லா வேலையும் இழுத்துப் போட்டு செய்வாங்க, அவங்க இல்லாம அமைப்பே நடக்காதுங்கற நிலைமையை கொண்டு வருவாங்க. பெரிய அமைப்புகளே இதுல சறுக்கியிருக்கு. 2010 நிலநடுக்கத்துக்கு அப்புறம் ஹைட்டி நாட்டுல வேலை பாத்த, ஆக்ஸ்ஃபாம்ங்கற சர்வதேச உதவி அமைப்போட ஊழியர்கள் சிலர் மேல பாலியல் சுரண்டல் புகார் வந்து, 2011ல அமைப்புக்குள்ளயே விசாரிச்சு சிலரை நீக்கினாங்க, சிலர் தானா விலகிட்டாங்க, முழு விஷயமும் வெளி உலகத்துக்கு தெரிஞ்சது 2018ல பத்திரிகை மூலமாத்தான். அந்த நடுவுல விலகினவங்கள்ல சிலர் வேற உதவி அமைப்புல வேலைக்கு சேர்ந்துட்டாங்க. அதனாலதான் ஆள் சேர்க்கும்போது போலீஸ் சான்றிதழ் மட்டும் போதாதுன்னு சொல்றோம், அது பிடிபட்டவங்களை மட்டும்தான் காட்டும். முன்னாடி வேலை பாத்த இடத்துக்கு போன் பண்ணி "குழந்தைங்க விஷயத்துல இவர் மேல ஏதாவது புகார் வந்துச்சா?"ன்னு நேராவே கேளுங்க. அதே மாதிரி "பொண்ணுதான் முதல்ல பேசிச்சு, வயசு அதிகம்னு நெனச்சேன்"ங்கற சாக்கும் எடுபடாது. ஐநா 2003லயே தன் ஊழியர்களுக்கு போட்ட விதியில, 18 வயசுக்கு கீழ இருக்குறவங்க கூட பாலியல் நடவடிக்கை அறவே கூடாது, வயசு தெரியலைங்கறது காரணம் ஆகாதுன்னு தெளிவா இருக்கு. உங்க நடத்தை விதியிலயும் அதை எழுதுங்க, கூடவே குழந்தைங்களுக்கு தனியா மெசேஜ் பண்றதையும் தடை பண்ணுங்க, பேசணும்னா பெத்தவங்க இருக்குற, ரெண்டு பெரியவங்களாவது பாக்குற குரூப்ல பேசட்டும்.

வயசானவங்க விஷயம் நீங்க கேக்கல, ஆனா கேட்டிருக்கணும். 60 வயசைத் தாண்டினவங்கள்ல 6 பேருக்கு ஒருத்தர் ஒரே வருஷத்துல ஏதாவது ஒரு விதமான கொடுமையை அனுபவிக்கிறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அடி மட்டும் இல்ல, மாத்திரையை குடுக்காம விடறது, பென்ஷன் பணத்தை எடுத்துக்கறது எல்லாம் அதுல சேரும். அவங்ககிட்ட பேசும்போது மகனையோ மருமகளையோ பக்கத்துல வச்சுகிட்டு கேக்காதீங்க. குழந்தைக்கும் இவங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு: புரிஞ்சு முடிவெடுக்கக் கூடிய ஒரு பெரியவர் "புகார் வேண்டாம்"னு சொன்னா அது அவரோட உரிமை, சம்மதம் இல்லாம நாம ஓடக்கூடாது. ஆனா அவர் மிரட்டலுக்கு பயந்து சொல்றார்னு தெரிஞ்சாலோ, உயிருக்கு ஆபத்துன்னாலோ, இன்னும் வேற யாரும் பாதிக்கப்படலாம்னாலோ, தப்பு பண்ணது உங்க ஆளாவே இருந்தாலோ மேல சொல்லித்தான் ஆகணும், சொல்லப் போறோம்னு அவர்கிட்டயும் சொல்லிடணும். மறதி நோய் இருக்குன்னா எதுவுமே புரியாதுன்னு எடுத்துக்காதீங்க, பணக் கணக்கு புரியாதவருக்கு யார் தன்னை அடிச்சாங்கன்னு நல்லாவே தெரிஞ்சிருக்கலாம். தன்னார்வலர் யாரும் அவங்க ஏடிஎம் கார்டை கையில வாங்கக் கூடாது, பாவம் பேங்குக்கு போக முடியலன்னு கேட்டாலும்.

கடைசியா பாலிசி. நெட்ல எடுத்ததை தூக்கிப் போட வேண்டாம், அதுல ஒரு இடத்தை மட்டும் பாருங்க: புகார் யார்கிட்ட போகும்? அங்க ஒரு பதவிப் பேர் இருக்கும், அதுக்கு நேரா ஒரு ஆளும் போன் நம்பரும் வேணும், அவர் ஊர்ல இல்லாதப்போ இன்னொருத்தர் வேணும். அந்த அக்கா மூணு நாள் தவிச்சதுக்கு காரணம் அந்த சத்தியம் மட்டும் இல்ல, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாததும்தான். பிள்ளைங்க படிக்கிற அறையில, அவங்க உயரத்துக்கு, அவங்க மொழியில அந்தப் பேரும் நம்பரும் ஒட்டியிருக்கணும். அப்புறம், அமைப்பை ஆரம்பிச்சவங்க நீங்க, உங்க மேலயே ஒரு புகார் வந்தா அது உங்க மேஜைக்கு வராம போற மாதிரி, உங்களுக்கு சொந்தமோ நெருங்கின நண்பரோ இல்லாத ஒருத்தரோட நம்பரும் அதே தாள்ல இருக்கணும், நிதி குடுக்குறவங்களுக்கு பதில் எழுதுறதுக்கு முன்னாடி அந்த ஆளை தேடி பேசி சம்மதம் வாங்கிடுங்க.