மூன்றாம் முறை நீட்டா, மருந்து ஆராய்ச்சியா? ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை என்றும், இன்னொரு முறை எழுதட்டும் என்று அவள் அப்பா சொல்ல, அவளோ வைரஸ் நோய்களுக்கு மருந்து உருவாக்கும் துறைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள் என்றும், உறவினர்கள் அதை மருந்துக்கடை வைக்கிற படிப்பு என்று கேலி செய்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் இன்னொன்றும் சொல்லியிருந்தீர்கள். தாத்தாவுக்கு இடுப்பில் அக்கி வந்தபோது, குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதிக்கொண்டு, அதன் பிறகு மருத்துவரிடம் போய் வாங்கிவந்த அசைக்ளோவிர் மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தவள் இவள்தான். மற்ற மாத்திரைகளெல்லாம் இரண்டு வேளை, மூன்று வேளை என்றிருக்க, இது மட்டும் ஏன் ஐந்து வேளை என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுத் துளைத்தாள் என்றும் எழுதியிருந்தீர்கள். மதிப்பெண் பட்டியலைவிட எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. அதற்கான பதிலிலேயே அவள் போக விரும்பும் துறை இன்னதென்று தெரிந்துவிடும் என்பதால், முதலில் அதைச் சொல்கிறேன்.

பாக்டீரியா தனித்து வாழும் ஓர் உயிர். அதன் செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின் நம் செல்களைத் தொடுவதில்லை, ஏனெனில் நம் செல்களுக்கு அப்படியொரு சுவரே கிடையாது. வைரஸோ நம் செல்லுக்குள் புகுந்து, பெரும்பாலும் நம் செல்லின் பொருள்களையும் நொதிகளையும் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. ஆகவே அதைத் தடுக்கப்போய் நம் செல்லையே கெடுத்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அசைக்ளோவிர் இந்தச் சிக்கலைத் தாண்டிய விதம் அழகானது. டிஎன்ஏவைக் கட்டும் அலகுகளில் ஒன்றைப் போன்ற தோற்றம் கொண்ட அந்த மூலக்கூறு, நோய் தொற்றாத செல்லுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் செயலற்றே கிடக்கும். அக்கி வைரஸ் புகுந்த செல்லிலோ, அந்த வைரஸுக்கே உரிய தைமிடின் கைனேஸ் என்னும் நொதி அதன்மேல் முதல் பாஸ்பேட்டை ஏற்றிவிடுகிறது. மிச்சம் இரண்டு பாஸ்பேட்டை நம் செல்லின் நொதிகள் ஏற்றுகின்றன. இப்படி உயிர்பெற்ற மருந்து, வைரஸ் தன் டிஎன்ஏ இழையை நீட்டும்போது உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. பின்பக்கம் கொக்கி இல்லாத ரயில் பெட்டியைப் போல, அதற்கு அடுத்த அலகை மாட்ட இடமில்லாததால் இழை அங்கேயே நின்றுபோகிறது.

சரி, ஐந்து வேளை எதற்காக? விழுங்கும் அசைக்ளோவிரில் ஏறத்தாழ 15 முதல் 30 விழுக்காடுதான் குடலிலிருந்து இரத்தத்தில் சேர்கிறது. சேர்ந்ததும் மூன்று மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடுகிறது. வைரஸை அடக்கிவைக்கும் அளவு இரத்தத்தில் குறையாதிருக்க வேண்டுமானால், அடிக்கடி கொடுத்தே ஆக வேண்டும். பின்னாளில் இதே மூலக்கூறோடு வேலின் என்னும் அமினோ அமிலத்தை ஒட்டி வாலசைக்ளோவிர் உருவாக்கப்பட்டது. குடல் அதைத் தாராளமாக உள்வாங்குவதால், அதே அக்கிக்கு மூன்று வேளை போதுமானதாயிற்று. வைரஸைத் தடுக்கும் முறை அப்படியே இருக்க, வேதியியலாளர் செய்த ஒரு சிறு ஒட்டுவேலையால் நோயாளியின் சிரமம் குறைந்தது. உங்கள் மகள் கேட்டது இந்த வேலையைப் பற்றிய கேள்விதான் என்பது அவளுக்கே தெரிந்திருக்காது. அசைக்ளோவிரை உருவாக்கிய பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனக் குழுவில் முன்னின்றவரும், 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான ஜெர்ட்ரூட் எலியன் மருத்துவர் அல்லர். வேதியியல் முதுகலை படித்தவர்.

இந்த மருந்துகளால் எல்லாம் முடியும் என்று அவள் எண்ணிவிடவும் கூடாது. அக்கிக்கான மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும் (காவி எழுதக் காத்திருந்ததில் உங்கள் வீட்டில் எத்தனை மணி நேரம் போயிற்றோ!). அப்போதும் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருக்கும் வைரஸை அது அழிப்பதில்லை. எச்ஐவிக்கான கூட்டு மருந்துகளை ஆயுள் முழுவதும் எடுத்தாக வேண்டும். மாறாக, ஹெபடைடிஸ் சி தொற்றைச் சோபோஸ்புவிர் சேர்ந்த கூட்டு மருந்துகள் பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு வாரங்களில் முற்றிலும் குணமாக்கிவிடுகின்றன. ஆண்டுதோறும் நாம் அஞ்சும் டெங்குவுக்கோ, வைரஸை நேரடியாகத் தாக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றளவும் இல்லை. செய்ய வேண்டிய வேலை மிச்சமிருக்கிறதா என்று அப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இனி படிப்பு. தமிழ்நாட்டில் பி.பார்ம் என்னும் இளநிலை மருந்தியல் படிப்பில் சேர நீட் தேவையில்லை; பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே கலந்தாய்வு நடக்கிறது. நான்கு ஆண்டுகள் முடித்து, முதுநிலை மருந்தியலுக்கான ஜிபேட் நுழைவுத் தேர்வெழுதி, எம்.பார்மில் மருந்து வேதியியலையோ மருந்துச் செயலியலையோ எடுக்கலாம். மொகாலி, ஐதராபாத் போன்ற இடங்களில் உள்ள நைப்பர் என்னும் தேசிய மருந்தியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. ஆறாண்டு பார்ம்.டி படிப்பு மருத்துவமனையில் நோயாளிக்கு அருகிலிருந்து மருந்தின் அளவையும் பின்விளைவையும் கண்காணிப்பவர்களுக்கானது. ஆய்வகத்தில் மூலக்கூறு செய்ய விரும்புபவளுக்கு அது நேர்வழி அல்ல. மருந்தைவிட வைரஸின்மேல் அவளுக்கு ஈர்ப்பு அதிகம் என்றால், பி.எஸ்சி. வேதியியலோ உயிர்வேதியியலோ நுண்ணுயிரியலோ படித்துவிட்டு வைரஸ்களைப் பற்றிய படிப்பான எம்.எஸ்சி. வைராலஜிக்குப் போகலாம், புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்திலும் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலும் அந்தப் படிப்பு இருக்கிறது. உயிர்த் தொழில்நுட்பம் என்ற பெயரின் கவர்ச்சிக்காக மட்டும் ஆய்வக வசதியில்லாத கல்லூரியில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்பா சொல்வதிலும் நியாயம் உண்டு. மருத்துவம் படித்து, எம்.டி. நுண்ணுயிரியல் வழியாகவும் இத்துறைக்கு வரலாம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் காட்டிய தலைப்பில் ஆய்வேட்டுக்காகச் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டபோதுதான், இந்தியாவில் எச்ஐவி இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. ஆனால் மூன்றாவது முயற்சி, நோயாளியைப் பார்த்துச் சிகிச்சை செய்ய வேண்டும் என்ற ஆசை அவளுக்கு உள்ளபடியே இருந்தால் மட்டுமே பொருளுள்ளது. அந்த ஆசை அப்பாவுக்குத்தான் இருக்கிறது என்றால், ஓராண்டை வீணாக்க வேண்டாம்.

வருமானத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். புதிய மருந்தைக் கண்டறியும் வேலைக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம் தேவைப்படும். இன்று தொடங்கினால் பத்து, பதினோரு ஆண்டுகள் ஆகலாம். ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றுவிட்டால், முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுகளின் செலவு உங்களுடையது. இந்திய மருந்து நிறுவனங்களில் உள்ள வேலைகளில் பெரும்பகுதி உற்பத்தி, தரக்கட்டுப்பாடு, பகுப்பாய்வு, மலிவான தயாரிப்புமுறை காண்பது ஆகியவையே. அவற்றைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 2001இல் சிப்லா நிறுவனம் எச்ஐவிக்கான மூன்று மருந்துக் கூட்டை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தபோது, மேற்கத்திய நிறுவனங்களின் விலை 10,000 டாலருக்கு மேல் இருந்தது. ஆப்பிரிக்காவில் ஏழை நோயாளிகளின் கைக்கு அந்த மருந்து எட்டத் தொடங்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் கண்டுபிடிப்பு ஒன்றையே கனவு காண்பவள் இந்த வேலையில் மனநிறைவு அடைவாளா என்பதை இப்போதே பேசிவிடுவது நல்லது.

விண்ணப்பம் போடும் முன் ஒன்று செய்யுங்கள். பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் கரிம வேதியியல் பாடங்களை அவள் எப்படிப் படித்தாள் என்று கேளுங்கள். உயிரியலில் ஆர்வம் காட்டி, கரிம வேதியியலை மனப்பாடம் செய்து ஒப்பேற்றியவளானால், மருந்து வேதியியலைவிட வைராலஜி அவளுக்குப் பொருந்தும்; வினைகளை எழுதிப் பார்ப்பதில் நேரம் போவதே தெரியாதவளானால் பி.பார்மோ வேதியியலோ எடுக்கட்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கையில் இந்திய மருந்தியல் கவுன்சிலின் அங்கீகாரம் நடப்பு ஆண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பி.பார்ம் கலந்தாய்வுக்கும் பி.எஸ்சி. சேர்க்கைக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், அவள் முடிவுக்கு வரும்வரை இரண்டையும் கையில் வைத்திருங்கள். சான்றிதழ்களின் நகல்களையும் இரண்டு தொகுதிகளாக எடுத்துவிடுங்கள்.