நாவலிலிருந்து வந்த கேம்: மதிப்பெண்ணை நம்பி வாங்கலாமா?

கேள்வி: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: கோல்லம்' கேம் பெரிய தள்ளுபடியில் கிடைக்கிறது. வந்த புதிதில் எல்லோரும் திட்டினார்கள். இதற்குள் சரிசெய்திருப்பார்களே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 2023 மே 25 அன்று வெளியானபோது கேம்ஸ்பாட் தளம் பத்துக்கு 2, ஐஜிஎன் பத்துக்கு 4 கொடுத்தன. எண்ணை விடுங்கள், ஏன் குறைத்தார்கள் என்று படியுங்கள். குறைகளில் இரண்டு வகை உண்டு. பாதியில் நின்றுபோவது, படம் திக்குவது போன்றவை அப்டேட்டில் தீரும். விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கும் கோளாறு தீராது. இந்த கேமில் இரண்டுமே இருந்தன, இரண்டாவதுதான் கனம். பாறை விளிம்பிலிருந்து தாவும் நேரத்தில் கேமரா சுவருக்குப் பின்னால் போய்விடும். கோல்லம் எங்கே பார்க்கிறான் என்றே தெரியாது, பள்ளத்தில் விழுவான், பழைய இடத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும். ஏறுவதும் பதுங்குவதும்தான் முழு கேமும் என்பதால் இது சின்னக் குறை இல்லை.

இதைத் தயாரித்த, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து டேடாலிக் நிறுவனம், வெளியான மறுநாளே மன்னிப்புக் கேட்டது. ஜூன் மாத இறுதியில் கேம் தயாரிக்கும் பிரிவையே மூடப்போவதாக அறிவித்து, மற்றவர்கள் செய்யும் கேம்களை வெளியிடுவதோடு நிறுத்திக்கொண்டது. மோசமாக வந்த கேம் தேறுமா என்று பார்க்கும்போது, செய்த குழு இன்னும் அதே வேலையில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. எல்ஃப் இனத்தவர் அந்தக் கதைக்கென்றே உருவான சிந்தாரின் மொழியில் பேசும் குரலைக்கூட விலை கூடிய பதிப்பில்தான் வைத்திருந்தார்கள். கதையை நேசித்து வாங்குபவர் முதலில் தேடுவதே அதைத்தான். அது வருத்தம் தருகிறது.

கேள்வி: 'தி விட்சர் 3' கேமுக்கு 90-க்கு மேல் மதிப்பெண் என்கிறார்கள். என்னிடம் பழைய லேப்டாப் ஒன்றும் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கருவி ஒன்றும் இருக்கின்றன. அந்த மதிப்பெண் எனக்கும் பொருந்துமா?

பதில்: கதைக்கு முழுக்கப் பொருந்தும். ஓடும் வேகத்துக்குப் பொருந்தாது. அந்த மதிப்பெண் 2015 மே 19 அன்று வந்த வடிவத்துக்கு உரியது. நீங்கள் இன்று இறக்குவது 2022 டிசம்பர் 14 அன்று வந்த இலவசப் பெரிய அப்டேட்டுக்குப் பிந்தையது. அதில் ஒளியும் நிழலும் நிஜம்போல் விழச் செய்யும் ரே டிரேசிங் சேர்ந்தது. கேம் படத்தைத் திரையில் வரைய உதவும் விண்டோஸ் மென்பொருளான டைரக்ட்எக்ஸின் 12-ஆம் பதிப்பில் ஓடும்போது நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர்களே முதல் நாட்களில் திணறின. எனவே லேப்டாப்பில் கேமைத் தொடங்கும்போது டைரக்ட்எக்ஸ் 11-ஐத் தேர்ந்தெடுங்கள். ரே டிரேசிங் கிடைக்காது, சுமை வெகுவாகக் குறையும். அப்படியும் திக்கினால், ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கியிருந்தால் அதன் லைப்ரரியில் கேமின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், பிறகு பீட்டாஸ் போய், 'கிளாசிக்' எனப்படும் பழைய 1.32 வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்கு முன் சேவ் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். புதிய வடிவத்தில் சேமித்ததைப் பழையது திறக்கும் என்று எண்ண வேண்டாம்.

2015-இல் பாராட்டி எழுதியவர்களும் ஒரு குறை சொன்னார்கள்: கதாநாயகன் கெரால்ட் கனமாக நகர்கிறான். சின்ன அறையில் பெட்டியைத் திறக்கப் போனால் அதைத் தாண்டி நின்றுவிடுவான். பக்கத்தில் மெழுகுவர்த்தி இருந்தால் பெட்டிக்குப் பதிலாக அதை ஏற்றி ஏற்றி அணைப்பான். வெளியான சில வாரங்களிலேயே அப்டேட்டில் மாற்று நடை ஒன்று வந்தது. செட்டிங்ஸில் கேம்ப்ளே பகுதியில் 'மூவ்மென்ட் ரெஸ்பான்ஸ்' என்பதை 'ஆல்டர்நேட்டிவ்' ஆக்குங்கள். முதல் நாளே இதைச் செய்துவிட்டால் பாதி எரிச்சல் தீரும்.

ஸ்விட்ச் வடிவம் 2019 அக்டோபரில் வந்தது. 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்', 'பிளட் அண்ட் ஒயின்' என்ற கூடுதல் கதைகள் இரண்டும் அதிலேயே சேர்ந்திருக்கின்றன. படத்தின் தெளிவு கையில் வைத்து ஆடும்போது அதிகபட்சம் 540பி, டிவியில் 720பி. விமர்சகர்கள் அதை வியந்து பாராட்டியது அவ்வளவு சின்னக் கருவியில் ஓடுகிறதே என்றுதான். டிவியில் மட்டும் ஆடப்போகிறீர்கள் என்றால் மங்கல் கண்ணை உறுத்தும். படுக்கையிலோ ரயிலிலோ ஆட வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: விட்சர் நாவல்களைப் படிக்காமல் ஆடினால் புரியுமா? முதல் பாகத்திலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: புரியும். கேம்கள் சப்கோவ்ஸ்கி எழுதிய அந்த நாவல் தொடரின் கதை முடிந்த பிறகு நடப்பவை. முதல் கேமில் கெரால்ட் நினைவிழந்தே வருவதால் எல்லாவற்றையும் உங்களோடு சேர்ந்து தெரிந்துகொள்வான். முதல் பாகம் வாங்கினால் 2008 செப்டம்பரில் வந்த 'என்ஹான்ஸ்டு எடிஷன்' தானா என்று பாருங்கள். 2007 வடிவத்தில் ஒவ்வொரு கதவுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது, ஆங்கில வசனமும் சொதப்பல். இரண்டையும் திருத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 81 இருந்தது 86 ஆனது அப்படித்தான்.

கேள்வி: வாங்கிய பிறகு பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கடையைப் பொறுத்தது. ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் கிடைக்கும். மெனுவில் சும்மா நிற்பதும் ஆடிய நேரமாகத்தான் கணக்காகும். ஜிஓஜி என்ற இன்னொரு ஆன்லைன் கடையில் 30 நாள், ஆடியிருந்தாலும் பரவாயில்லை. பிளேஸ்டேஷனில் 14 நாள் உண்டு, டவுன்லோட் தொடங்கிவிட்டால் பொதுவாகப் போச்சு.

ஆனால் விட்சர் 3-ஐ இரண்டு மணி நேரத்தில் சோதிக்க முடியாது. அதற்குள் நீங்கள் கேம் தொடங்கும் ஒயிட் ஆர்ச்சர்ட் கிராமத்தையே தாண்டியிருக்க மாட்டீர்கள்; கம்ப்யூட்டரைத் திணறவைப்பது கூட்டம் நிறைந்த நோவிகிராட் நகரம். கிராமத்தில் தடையின்றி ஓடுகிறதே என்று இருந்துவிட்டு, நகரத்துக்குப் போகும்போது திக்கினால் ஸ்டீமின் கெடு முடிந்திருக்கும். உங்கள் கிராபிக்ஸ் கார்டின் பெயரோடு 'நோவிகிராட்' சேர்த்து யூடியூபில் தேடி, 2022 டிசம்பருக்குப் பிறகு எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். லேப்டாப் மேல் சந்தேகம் இருந்தால் ஜிஓஜியில் வாங்குவது பாதுகாப்பு.