அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டாதீர்கள்

கேள்வி: ஸ்வீடன் நாட்டு 'கார்டிகன்ஸ்' குழுவின் 'லவ்ஃபூல்' பாட்டை என் மகள் நாள் முழுவதும் கேட்கிறாள். யோன்ஷொப்பிங் என்ற சிறிய ஊரில் தோன்றிய குழுவாம். ஒரு சினிமாவில் பாட்டு இடம்பெற்றதும் உலகப் புகழ். குருட்டு அதிர்ஷ்டம் என்பது இதுதானே? அவர்களுடைய வரலாற்றையும் இசையையும் பற்றிச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: இந்தக் கேள்வி வேறு எந்த ஊரிலிருந்து வந்திருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். கோவில்பட்டியிலிருந்தா வர வேண்டும்? யோன்ஷொப்பிங் எந்த ஊர் தெரியுமா? உங்கள் ஊரைப் போலவே தீப்பெட்டி ஊர். லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அங்கே செய்த பாதுகாப்புத் தீப்பெட்டி 1855-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பதக்கம் வாங்கியது. அதற்கு முன்பு எதில் உரசினாலும் தீக்குச்சி பற்றிக்கொள்ளும்; சட்டைப் பையிலேயே பற்றிக்கொண்டதும் உண்டு. எரியும் மருந்தில் ஒரு பங்கைக் குச்சியிலிருந்து பிரித்து, சிவப்பு பாஸ்பரஸாகப் பெட்டியின் பக்கவாட்டில் பூசியது ஸ்வீடன்காரர்களின் மூளை. பழைய தொழிற்சாலையில் இன்று தீப்பெட்டி அருங்காட்சியகம் இருக்கிறது. பின்னாளில் ஸ்வீடிஷ் தீப்பெட்டி நிறுவனம் இந்தியாவில் நிறுவிய கம்பெனிதான் விம்கோ. திருவொற்றியூர்ப் பக்கம் மெட்ரோ ரயில் போய் நிற்கிறதே விம்கோ நகர், அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை பொய்த்த கரிசல் மண்ணில் ஒரு தொழிலே எழுந்து நின்றது. அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒருவர் சொன்னால் உங்கள் ஊரில் சும்மா விடுவீர்களா? தொழில் கற்றவர்களுக்குத் தரும் மரியாதையை இசை கற்றவர்களுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

1992 அக்டோபரில் அந்த ஊரில் பீட்டர் ஸ்வென்சன் என்ற கிதார்காரரும் மாக்னஸ் ஸ்வேனிங்சன் என்ற பேஸ் கிதார்காரரும் சேர்ந்து தொடங்கிய குழு இது. இருவரும் ஹெவி மெட்டல் என்ற உரத்த ராக் இசையை வாசித்து வளர்ந்தவர்கள். டிரம்ஸுக்கு பெங்க்ட் லாகர்பெர்க், கீபோர்டுக்கு லார்ஸ்-ஓலோஃப் யோஹான்சன், பாடுவதற்கு நினா பெர்சன். ஒரு சின்னக் குடியிருப்பில் ஒன்றாகத் தங்கி மாதிரிப் பதிவு செய்தார்கள். அதைக் கேட்ட டூரே யோஹான்சன் என்ற தயாரிப்பாளர் மால்மோ நகரத்தில் இருந்த டாம்புரின் ஸ்டுடியோவுக்கு அழைத்தார். 1994-இல் 'எமர்டேல்', 1995-இல் 'லைஃப்', 1996-இல் 'ஃபர்ஸ்ட் பேண்ட் ஆன் தி மூன்'. 'லவ்ஃபூல்' இந்த மூன்றாவது ஆல்பத்தில் இருக்கிறது. பாஸ் லர்மான் இயக்கிய 'ரோமியோ + ஜூலியட்' படத்தில் அது இடம்பெற்றது உண்மை. அதற்கு முன்பே 'லைஃப்' ஆல்பத்துக்காக ஜப்பான் அவர்களைக் கொண்டாடியதும் உண்மை. படம் வந்து கண்டெடுத்த அனாதைக் குழந்தைகள் அல்லர் அவர்கள்.

தற்செயல் ஒன்று நடந்தது. அதை மறைக்க மாட்டேன். 'லவ்ஃபூல்' முதலில் மெதுவான, போஸா நோவா என்ற பிரேசில் நாட்டு மெல்லிசையின் சாயல் கொண்ட பாட்டாக இருந்தது. பதிவின்போது லாகர்பெர்க் தற்செயலாக ஒரு டிஸ்கோ தாளத்தை அடிக்க, அதன் பிறகு அந்தப் பாட்டை வேறு எப்படியும் வாசிக்க முடியவில்லை என்று பெர்சனே சொல்லியிருக்கிறார். இதைத்தான் அதிர்ஷ்டம் என்கிறீர்களா? சரி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தாளம் எங்கே வந்து விழுந்தது? நான்கு ஆண்டுகள் சேர்ந்து வாசித்த ஐந்து பேருக்கு நடுவில், மூன்றாவது ஆல்பத்தை அவர்களோடு செய்துகொண்டிருந்த ஒரு தயாரிப்பாளரின் காதில். அது வந்ததும் 'இதுதான்' என்று பிடித்துக்கொள்ளப் பயிற்சி வேண்டாமா?

அந்தப் பயிற்சிக்கு ஸ்வீடன் பணம் செலவழிக்கிறது. இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. 1940-களிலிருந்து அங்கே நகராட்சிகள் இசைப் பள்ளிகள் நடத்துகின்றன. பள்ளிப் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் வாத்தியத்தை வாடகைக்கு எடுத்துப் படிக்கலாம். கொஞ்சம் வளர்ந்து நான்கு பேர் சேர்ந்து குழு தொடங்கினால், அரசு மானியம் பெறும் கல்விச் சங்கங்கள் ஒத்திகைக்கு அறை தருகின்றன. உலகத்தின் பாப் இசைப் பட்டியல்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்டிவைக்கும் மாக்ஸ் மார்ட்டின், தன் வெற்றிக்குப் பொதுப் பள்ளியின் இசைக் கல்வியே காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னவர். நம் பள்ளிகளில் பாட்டு வகுப்பு என்று அட்டவணையில் இருக்கும் மணி நேரத்தைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார், பெற்றோர் நன்றி சொல்கிறார்கள். பிறகு ஐரோப்பாவில் யாராவது நன்றாகப் பாடினால் அதிர்ஷ்டம் என்கிறோம்!

இசைக்கு வருகிறேன். மெட்டல் வாசித்தவர்கள் சத்தத்தைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தக் குழுவே விடை. முதல் ஆல்பத்திலேயே மெட்டல் இசையின் முன்னோடியான பிளாக் சாபத் குழுவின் 'சாபத் பிளடி சாபத்' பாட்டை எடுத்து, மாலை நேரத்து ஓட்டல் இசை போல மிருதுவாக வாசித்தார்கள். மூன்றாவது ஆல்பத்தில் அதே குழுவின் 'ஐயர்ன் மேன்' பாட்டுக்கும் அதையே செய்தார்கள். கேலி என்று சிலர் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பாட்டின் எலும்புக்கூடு எத்தனை உறுதியானது என்று தெரிந்தவர்கள்தான் அதன் கவசத்தைக் கழற்றத் துணிவார்கள். ஸ்வென்சனின் சுரச்சேர்க்கைகள் ஜாஸ் பக்கம் சாய்பவை. பார்க்க எளிமை, வாசிக்க உட்கார்ந்தால் விரல் தடுமாறும். பெர்சனின் குரல் உரக்க ஒலிப்பதில்லை, நடுங்குவதில்லை, காதருகே வந்து பேசுகிறது.

இங்கே என்னுடைய பழைய வழக்கு ஒன்றையும் இழுக்கிறேன். சோகப் பாட்டென்றால் விம்மி விம்மிப் பாட வேண்டும் என்று எனக்கு ஆண்டுதோறும் கடிதம் எழுதும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் 'லவ்ஃபூல்' பாட்டின் வரிகளைப் படிக்கட்டும். காதலன் விலகிவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் விட்டுவிடு என்று தாய் சொல்கிறாள். இவளோ, பொய்யாவது சொல், நேசிப்பதாகச் சொல், என்னை ஏமாற்றிக்கொண்டே இரு என்று கெஞ்சுகிறாள். தன்மானத்தைக் கழற்றி வைத்துவிட்ட ஒரு பெண்ணின் பாட்டு அது. அதைத் துள்ளும் தாளத்தில், சிரித்த முகத்தோடு பாடும்போதுதான் அவள் எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்பது உறைக்கிறது. அழுதிருந்தால் நமக்கு இரக்கம் வந்திருக்கும், அத்தோடு முடிந்திருக்கும். உங்கள் மகள் நாள் முழுவதும் கேட்பதில் எனக்கு வியப்பில்லை.

அந்த இனிப்பிலேயே அவர்கள் பிழைப்பை ஓட்டியிருக்கலாம். ஓட்டவில்லை. 1998-இல் 'க்ரான் டுரிஸ்மோ' வந்தது: இருண்ட, குளிர்ந்த, கணினியில் வெட்டி ஒட்டிய ஒலி. புல்லாங்குழல் போயிற்று, வெயில் போயிற்று. 'மை ஃபேவரிட் கேம்' பாட்டின் அந்தக் கிதார் கீறலில் பழைய மெட்டல் பையன்கள் மறுபடியும் தலை காட்டுகிறார்கள். புகழின் உச்சியில் நின்று தங்கள் ஒலியைத் தாங்களே கலைத்துப் போட்டவர்களைப் பார்த்தா அதிர்ஷ்டக்காரர்கள் என்கிறீர்கள்? 2003-இல் 'லாங் கான் பிஃபோர் டேலைட்', எக்ஸ்டோன் குழுவின் பெர் சுண்டிங் தயாரித்தது, கிராமிய இசைச் சாயலில் இன்னொரு திருப்பம். அவர்களுடைய ஆல்பங்களில் எனக்கு மிக நெருக்கமானது அதுதான். பெர்சன் அதில் வளர்ந்த மனுஷியாகப் பாடுகிறார். 2005-இல் 'சூப்பர் எக்ஸ்ட்ரா கிராவிட்டி' வந்தது. அதன் பிறகு முழுப் புதிய ஆல்பம் எதுவும் அவர்கள் வெளியிடவில்லை.

ஸ்வென்சன் என்ன ஆனார்? மற்றவர்களுக்குப் பாட்டு எழுதப் போனார். 2015-இல் தி வீக்கெண்ட் என்ற பாடகர் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'கான்ட் ஃபீல் மை ஃபேஸ்' பாட்டை எழுதிய கூட்டணியில் மாக்ஸ் மார்ட்டினோடு அவரும் ஒருவர். 'லவ்ஃபூல்' வந்து பத்தொன்பது ஆண்டு கழித்து!

உங்கள் மகளிடம் 'க்ரான் டுரிஸ்மோ'வைக் கொடுங்கள். அவளுக்குப் பிடித்ததா என்று எனக்கு எழுதுங்கள். கூடவே, அவள் படிக்கும் பள்ளியில் பாட்டு வகுப்பு யார் கையில் இருக்கிறது என்பதையும் விசாரித்து எழுதுங்கள்; அடுத்த இதழிலேயே போடுகிறேன்.