செஞ்சிக் கோட்டைக்குப் போனால் ராஜகிரி உச்சிவரை ஏற வேண்டுமா, கீழே சுற்றிப் பார்த்தால் போதாதா?

முட்டியும் மூச்சும் ஒத்துழைக்கும் என்றால் கட்டாயம் ஏறுங்கள். செஞ்சிக்குப் போய்விட்டுக் கல்யாண மகால் முன்னால் நான்கு படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அந்த இடத்தை இவ்வளவு பேர் ஏன் இவ்வளவு காலம் சண்டை போட்டுப் பிடிக்கப் பார்த்தார்கள் என்பது பாதி மலை ஏறிக் கால் நடுங்கும்போதுதான் விளங்கும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது. பேருந்தில் வரும்போதே குன்றுகள் தெரிந்துவிடும். சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே ராஜகிரி, இன்னொரு பக்கம் சந்திரகிரி. இந்த மூன்றையும் மதிலால் இணைத்து ஒரு பெரிய முக்கோணமாக வளைத்திருக்கிறார்கள். மதிலின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். ராஜகிரிதான் உயரம், ஏறத்தாழ 800 அடி. எண்ணாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் அடிவாரத்தில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தால், உச்சியில் இருக்கும் கட்டடத்துக்கு வழியே கிடையாதோ என்று தோன்றும். எல்லாம் மொட்டைப் பாறை, வீடளவு உருண்டைக் கற்கள், இடையிடையே முள்செடி.

கீழ்க்கோட்டையில் கல்யாண மகால், லாயம், நெற்களஞ்சியம், யானைக்குளம், வேங்கடரமணர் கோவில், சாதத்துல்லா கான் மசூதி எல்லாம் இருக்கின்றன. அவற்றை இறங்கி வந்து பார்த்துக்கொள்ளலாம். காலை வெயில் ஏறுமுன் மலையை முடிப்பதுதான் புத்திசாலித்தனம். பாறை ஒருமுறை சூடாகிவிட்டால் மேலிருந்தும் கீழிருந்தும் வாட்டும்.

ஏறத் தொடங்கினால் முதலில் எளிதாகத்தான் இருக்கும். பிறகு படிகள் மாறும். ஒன்று அரை அடி, அடுத்தது முட்டி உயரம், அதற்கடுத்தது சாய்ந்த பாறையில் வெட்டிய வெறும் குழி. நடையில் ஒரு தாளம் பிடிக்கவே முடியாது. இடையில் கமலக்கண்ணி அம்மன் கோவில் வரும். ராஜகிரிக்குப் பழைய பெயரே கமலகிரிதான். அங்கே கொஞ்சம் உட்காருங்கள், மேலே பாதை இன்னும் செங்குத்தாகும். அப்புறம் வாயில் மேல் வாயில். ஒவ்வொன்றிலும் நின்று வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். பாதை ஏன் இப்படி வளைகிறது, மதில் ஏன் இந்த உருண்டைப் பாறையில் வந்து முட்டி அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறது என்று யோசியுங்கள். பாறை இருக்கும் இடத்தில் பாறையே மதில். பாறை விட்ட இடைவெளியை மட்டும் மனிதர்கள் கட்டி அடைத்திருக்கிறார்கள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் வைத்திருக்கும் நமக்கே இப்படி மூச்சு வாங்குகிறது. ஈட்டியும் துப்பாக்கியும் தூக்கிக்கொண்டு, மேலிருந்து கல் உருளும்போது ஏறியவர்களை நினைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கும்.

எனக்கு இந்த மலையில் மிகவும் பிடித்த இடம் உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பாதை திடீரென்று ஒரு பிளவில் வந்து நின்றுவிடும். இயற்கையாக இருந்த பிளவை இன்னும் வெட்டி ஆழமாக்கியிருக்கிறார்கள். அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. இப்போது பாலத்தில் கடந்துவிடலாம். அந்தக் காலத்தில் மரப்பாலம்தான். ஆபத்து என்றால் அதை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். கீழ்க்கோட்டை முழுவதும் பறிபோனாலும், இந்தப் பிளவுக்கு அப்பால் சில பேர் இருந்தால் ஒரு படையை நிறுத்தி வைக்கலாம். பாலத்தின் நடுவில் நின்று கீழே ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

1677இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்து மதில்களைப் பலப்படுத்தினார். பின்னர் அவருடைய மகன் ராஜாராம், ஔரங்கசீப்பின் படைகளுக்குத் தப்பி மகாராஷ்டிரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து தங்கியது இங்கேதான். ஒரு மராட்டிய அரசு கொஞ்ச காலம் செஞ்சியிலிருந்து நடந்தது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் தொடங்கிய முற்றுகை, 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்த பிறகுதான் முடிந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். இத்தனை ஆண்டுகள் தாங்கியதற்கு மலை மட்டும் காரணம் இல்லை. முற்றுகையிட்டவர்களுக்குள்ளேயே சண்டை. வெளியிலிருந்து சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் போன்ற மராட்டியத் தளபதிகளின் தாக்குதல் வேறு. ஆனாலும் உள்ளே இருந்தவர்களுக்கு நெல்லும் தண்ணீரும் இல்லாமல் இது நடந்திருக்காது. அதனால்தான் ஏறும்போது சுனை, குளம், களஞ்சியம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகச் சொல்கிறேன். பாறையில் விழுகிற மழை ஒவ்வொன்றும் எங்கோ ஒரு பள்ளத்தில் சேரும்படி யோசித்திருக்கிறார்கள். கல்யாண மகாலின் மேல்தளத்துக்குக்கூட மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள்.

இவ்வளவு பலமான கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்துவிட்டார். பொழுது விடிந்து மலையைப் பார்த்தபோது, இதையா பிடித்தோம் என்று பிடித்தவர்களே மலைத்துப்போனதாக அந்தக் காலத்து வரலாற்றில் எழுதியிருக்கிறது. உச்சியிலிருந்து கீழே பார்க்கும்போது அந்த மலைப்பு எனக்கும் வரும்.

உச்சியில் ரங்கநாதர் கோவில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பீரங்கி இருக்கின்றன. காற்று ஆளைத் தள்ளும். அங்கிருந்து சுற்றியிருக்கிற சமவெளியைப் பார்த்தால் தேசிங்கு ராஜன் நினைவு வராமல் இருக்காது. 1714இல் ஆற்காட்டு நவாபின் பெரும்படை வந்தபோது, அவன் இந்த மதில்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கவில்லை. சிறிய குதிரைப்படையோடு வெளியே போய்ச் சண்டையிட்டு மாண்டான். அவன் ஆண்டது சில மாதங்கள்தான். ஆனால் செஞ்சி என்றதும் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவன் பெயரைத்தான் சொல்வார்கள், அவன் குதிரையின் பெயரையும் சேர்த்து. அவனைத் தகனம் செய்த இடம் என்று செட்டிகுளக் கரையில் ஒரு மேடையைக் காட்டுகிறார்கள். இறங்கிய பிறகு அங்கேயும் போய்விட்டு வாருங்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும், மேலே கடை கிடையாது. பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ போடுங்கள், மழை நாளில் ஏறவே வேண்டாம். குரங்குகள் அதிகம். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டால் பறித்துவிடும், எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் போட்டு மூடுங்கள். பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள், அதனால் காலையில் டிக்கெட் கொடுக்கத் தொடங்கியதும் போய்விடுங்கள். நிதானமாக ஏறி இறங்கிப் பார்க்க அரை நாள் ஒதுக்குங்கள். 2025இல் மராட்டிய ராணுவக் கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சி சேர்ந்துவிட்டது. இனி கூட்டம் கூடும், விடுமுறை நாளைத் தவிர்த்தால் நல்லது. பாறையில் பெயர் கிறுக்குவதைப் பார்த்தால் தயவுசெய்து தடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டுப் பெரியவர்களும் வருகிறார்கள் என்றால், ராஜகிரிக்குப் பதிலாகக் கிருஷ்ணகிரியை முயலலாம். ராணிக் கோட்டை என்று சொல்வார்களே, அதுதான். உயரம் குறைவு, படிகளும் ஓரளவு ஒழுங்கானவை. மேலே குவிமாடம் வைத்த மண்டபத்தில் உட்கார்ந்தால் எதிரே ராஜகிரி முழுதாகத் தெரியும்.